1974 புல்லட் 350: பழைய வகை ஹேண்டில் பாரும் லீவர்களும் எங்கே கிடைக்கும், எப்படிப் பொருத்துவது?

கேள்வி: மணப்பாறைவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1974-இல் பதிவான புல்லட் 350 ஒன்று இருக்கிறது. எஞ்சினும் கியர் பெட்டியும் குறை சொல்லும்படி இல்லை. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் எனக்குப் பழகிவிட்டன. சிக்கல் எல்லாம் ஹேண்டில் பாரில்தான். எனக்கு முன் வைத்திருந்தவர் ஆலையிலிருந்து வந்த பாரை எடுத்துவிட்டு, புதிய வண்டி ஒன்றின் அகலமான பாரை மாட்டியிருக்கிறார். அதற்கு ஏற்ப லீவர்களையும் மாற்றியிருக்கிறார். ஆனால் கேபிள்களை மாற்றவில்லை. அதனால் வண்டியை இடப்பக்கம் முழுவதும் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாகவே வேகம் எடுக்கிறது. கிளட்ச் கல்லைப் போலக் கனக்கிறது. பாரைப் பிடித்திருக்கும் மூடிகளில் ஒன்றின் போல்ட், டூமில் (ஹெட்லைட்டைத் தாங்கும் அலுமினிய வார்ப்புக் கூட்டில்) இருக்கும் மரையைத் தின்றுவிட்டுச் சும்மா சுற்றுகிறது.

பழைய வடிவத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். உறவினர் ஒருவரின் கொல்லையில் துருப்பிடித்த ஒரிஜினல் பார் ஒன்று கிடக்கிறது; அதற்குக் குரோம் போட்டுப் பயன்படுத்தலாமா, அல்லது புதிதாக வாங்குவதுதான் சரியா? லீவர், ட்விஸ்ட் கிரிப் (திருகும் ஆக்ஸிலரேட்டர் பிடி), டிகம்ப்ரஷன் லீவர் (உதைக்கும் முன் எஞ்சினின் அழுத்தத்தை விடுவிப்பது) ஆகியவற்றை வாங்கும்போது என்னென்ன அளவுகளைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில்: அங்குலமரை

வணக்கம் நண்பரே. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வெர்னியர் காலிபரையும் மரைகளின் இடைவெளியை அளக்கும் ஒரு பிட்ச் கேஜையும் கையில் எடுங்கள். இந்த வண்டியின் உதிரி பாகங்களில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பகுதி, அங்குலத்தில் பிறந்த வண்டிக்கு மில்லிமீட்டரில் பொருள் தேடுவதால் வருவது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, வண்டியோடு அதன் ஆங்கிலேய வரைபடங்களும் திருவொற்றியூருக்கு வந்தன. அந்த அளவுகள் பல பத்தாண்டுகள் வரை இந்த வண்டிகளை விட்டுப் போகவில்லை.

பாரின் விட்டம் உங்களுக்குத் தொல்லை தராது. பழைய புல்லட்டின் பார் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ.; இன்று கடைகளில் 22 மி.மீ. என்று சொல்லி விற்கப்படும் சாதாரண பார்களும் பெயரளவில் அதே அளவுதான். நடுவில் 28.6 மி.மீ. தடிமனாக இருந்து முனைகளில் மெலியும் புதிய பாணி பார்கள் உங்கள் டூமில் உட்காரா. பெயரளவு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: உள்ளூர்ப் பார்கள் சிலவற்றைக் குரோம் பூச்சுக்கு முன் அதிகமாகத் தேய்த்து மெருகேற்றி விடுவதால், அளந்து பார்த்தால் 22 மி.மீ.க்கும் குறைவாக இருக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அத்தகைய பார் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மூடி பிடிக்கும் இடத்தில் இரண்டு திசைகளில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உண்மையான பொறி மரைகளில்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் விட்டம் எதுவாக இருந்தாலும் அங்குலத்துக்கு 26 மரை என்ற சைக்கிள் மரை பரவலாகப் பயன்பட்டது, அதோடு பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை), விட்வொர்த் ஆகிய அங்குல மரைகளும் கலந்திருக்கும். 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8 என்ற மில்லிமீட்டர் வகை போல்ட்டின் விட்டம் 8 மி.மீ.; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம்8 சாதாரண மரையின் இடைவெளி 1.25 மி.மீ.; 26 மரை என்றால் அது ஏறத்தாழ 0.98 மி.மீ.; 5/16 பி.எஸ்.எஃப். என்றால் அங்குலத்துக்கு 22 மரை, அதாவது ஏறத்தாழ 1.15 மி.மீ. இவற்றில் மிகவும் ஏமாற்றக்கூடியது 1 மி.மீ. இடைவெளி கொண்ட எம்8 நுண்மரைப் போல்ட்: அது 26 மரைத் துளையில் முதல் சில சுற்றுகள் விரலாலேயே இறங்கும், பிறகு இறுகும், போல்ட் சரியாகப் பிடித்துவிட்டது என்று நாம் எண்ணி ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய மரை முழுவதும் தூளாக வெளியே வரும். உங்கள் டூமில் நடந்ததும் இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கெடாத துளையிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிப் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால் எந்த மரை என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்தப் போல்ட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்பதால், துளையின் மரையையும் ஒரு தீக்குச்சியை அழுத்திச் சுற்றி எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கெட்ட துளையைச் சரிசெய்ய டூமைக் கழற்றித் துளையிடும் எந்திரத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் இந்த வண்டியில் ஃபோர்க் குழாய்களின் மேல்முனையைப் பிடித்திருப்பதே டூம்தான். அதைக் கழற்றினால் முன்பக்கம் முழுவதையும் இறக்க வேண்டிவரும். வேறு காரணத்துக்காக ஃபோர்க்கை இறக்கும் எண்ணம் இல்லையென்றால், நேராகத் துளையிட உதவும் ஒரு வழிகாட்டிக் கட்டையை லேத்தில் செய்துகொண்டு, வண்டியில் இருக்கும்போதே ஹெலிகாயில் (கெட்ட துளைக்குப் புதிய மரை தரும் கம்பிச்சுருள்) போடலாம். அதே அங்குல மரைக்கான ஹெலிகாயில் கிடைத்தால் மற்ற போல்ட்களோடு ஒத்துப்போகும். கிடைக்காவிட்டால் நான்கையும் எம்8-க்கு மாற்றிவிடுங்கள். இரண்டு அங்குலம், இரண்டு மில்லிமீட்டர் என்று விட்டுவைத்தால் உங்களுக்குப் பின் அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக் மீண்டும் அதே கதையைத் தொடங்குவார்.

கிளட்ச் கனப்பதற்கு வருகிறேன். லீவரின் அச்சாணியின் மையத்துக்கும் கேபிள் நிப்பிள் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் குமிழ்) உட்காரும் துளையின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பழைய ஆங்கிலேய வகை லீவர்கள் 7/8 அங்குலம், 1 1/16 அங்குலம் என்ற இரண்டு அளவுகளில் கிடைத்தன. மில்லிமீட்டரில் 22, 27 என்று வைத்துக்கொள்ளலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. 22-க்குப் பதிலாக 27 மாட்டினால் லீவரின் ஒரே அசைவுக்குக் கேபிள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இழுபடும், கையும் அதே அளவு கூடுதலாக உழைக்க வேண்டும். அப்படியென்றால் குறைந்த தூரமே நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது: தூரம் மிகவும் குறைந்தால் லீவர் இலகுவாக இருக்கும், ஆனால் கிளட்ச் தகடுகள் முழுவதும் பிரியாமல் நியூட்ரல் கிடைக்காது. முன் பிரேக்கிலும் இதே கணக்குதான். பழைய லீவர் எங்கிருந்தாவது கிடைத்தால், உடைந்திருந்தாலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: பேட்டைப்பக்கம்

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். சென்னைக்கு வர முடியுமானால் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரி பாகங்கள். புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பழைய பாகங்கள். பழைய பொருளைப் பார்த்துவிட்டுப் புதியதற்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. ஒரிஜினல் வளைவு எப்படி இருக்கும், லீவர் பிராக்கெட் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கண்ணில் பட்ட பிறகு புதிய கடையில் எடுத்துக் காட்டும் பொருளின் தரத்தைக் கணிப்பது எளிது. டெல்லியின் கரோல் பாக் பகுதியிலும் புல்லட் பாகங்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து தபாலில் வரவழைப்பதானால், நண்பர் மேலே சொன்ன அளவுகளைக் காலிபர் வைத்த புகைப்படத்தோடு அனுப்பச் சொல்லி உறுதிசெய்துகொண்டு பணம் அனுப்புங்கள். வெளிநாட்டில் இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் மோட்டார் சைக்கிள்ஸ் பழைய ரெட்டிச் வண்டிகளுக்கும் இந்திய வண்டிகளுக்கும் பாகங்கள் விற்கிறது. சுங்க வரியோடு சேர்த்து அங்கிருந்து ஒரு பாரை வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. இருந்தாலும் அவர்கள் வைத்திருக்கும் பாகங்களின் படங்கள், எந்த வாஷருக்குப் பிறகு எந்த ஸ்பிரிங் என்று பார்ப்பதற்குப் பயன்படும்.

கடையில் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். லீவரில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், அதே நேரம் அளவுக்கு மீறிய கனத்தோடு இருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பளபளப்பாக இருக்கும், விலை குறைவு, வண்டி ஒருமுறை சாய்ந்தால் வளையாமல் பட்டென்று முறியும். வளைந்த லீவரோடு வீடு வந்து சேரலாம், முறிந்த கிளட்ச் லீவரோடு வருவது கடினம். முனையில் உருண்டை இருக்கும் லீவரையே தேர்ந்தெடுங்கள். விழும்போது கத்தி முனையைப் போலக் குத்தாமல் இருப்பதற்காகத்தான் அந்த உருண்டை.

கிரிப் வாங்கும்போது வலதும் இடதும் ஒரே துளை அளவில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடது கிரிப் நேரடியாகப் பாரின் மேல் ஏறுவது, வலது கிரிப் ட்விஸ்ட் கிரிப்பின் குழாய் மேல் ஏறுவது. ஆகையால் வலதின் உள்விட்டம் சுமார் 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வண்டி 1974 என்பதால், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் பதிவு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஹேண்டில் பார் அந்த வரையறைக்குள் வராது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரிஜினல் தோற்றத்துக்குத் திரும்புவது நல்லதுதான். ஆனால் அப்படிப் பதிவுசெய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை என்பதை மனத்தில் வையுங்கள். தினமும் ஓட்டுபவர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது மேல்.


பதில்: லேத்துக்காரர்

கொல்லையில் கிடக்கும் பாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குரோம் பூச்சு துருவை மறைக்குமே தவிரக் குழாய்க்கு வலுவைத் தராது. பூச்சுக்கு முன் துருக்குழிகள் மறையும்வரை தேய்ப்பார்கள். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு இரும்பு போய்விடும். அதோடு குழாயின் உட்புறத்தில் பூச்சு ஏறாது. அங்கே துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். பாரின் முனை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு கம்பியால் உள்ளே சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அதை வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம், வண்டியில் வேண்டாம். மூடி பிடிக்கும் இடத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலும் அப்படியே. அந்த இடத்தில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங்குக்கு அருகிலுள்ள பகுதிதான் அடுத்து விரியும். உள்ளே சுத்தமாக இருந்து, சமதளமான கண்ணாடியின் மேல் வைத்தால் இரு முனைகளும் ஒரே உயரத்தில் நின்றால், தாராளமாகக் குரோம் போடுங்கள். நிக்கல் அடிப்பூச்சு கனமாக இருக்க வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். துருவைத் தடுப்பது அதுதான், மேலே உள்ள குரோம் மிக மெல்லிய படலம்.


மணப்பாறைவாசி

மிக்க நன்றி ஐயா. மூவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டேன். கொல்லைப் பார் உள்ளே செதிலாகக் கொட்டியதால் அதை விட்டுவிட்டு, அதே வளைவில் புதிய பார் வாங்கினேன், காலிபரில் 22.1 காட்டுகிறது. துளையில் இருந்தது 26 மரைதான், ஹெலிகாயில் போட்டாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பாரைத் தற்காலிகமாக மாட்டி வயர்களை இணைத்தபோது ஹாரன் அடிக்கவில்லை. பட்டனிலிருந்து ஒரே ஒரு வயர்தான் வருகிறது. அடுத்து, கடையில் வாங்கிய கிளட்ச் கேபிளின் அவுட்டர் (வெளியுறை) நீளமாக இருக்கிறது. அதை வெட்டி நிப்பிளை நானே ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?


பதில்: அங்குலமரை

ஹாரனில் கோளாறு இல்லை. ஒற்றை வயர் பட்டனுக்கு மறுமுனை எர்த் பாரின் உலோகம் வழியாகவே கிடைக்கிறது. பட்டனின் பிடிப்பு உட்காரும் இடத்தில் அரக்கோ பெயின்டோ இருந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். அந்த இடத்தை மட்டும் உள்பக்கமாகச் சிறிது சுரண்டுங்கள். பாரின் எர்த் ஸ்டீயரிங் பேரிங் குண்டுகளையும் அவற்றின் கிரீஸையும் தாண்டித்தான் சேஸிஸுக்குப் போக வேண்டும் என்பதால், டூமுக்குள்ளிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் எர்த் வயர் இழுத்துவிட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து பிரகாசமாகும்.

நிப்பிளை நீங்களே பற்றவைக்கலாம், ஆனால் கேபிளின் முனையில் சும்மா ஈயத்தை உருக்கி ஒட்டினால் அது நடுவழியில் கழன்று வரும். முதலில் அவுட்டரைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, உட்புறம் நசுங்கிய வாயை அரத்தால் திறந்து, முனைத் தொப்பியைப் போடுங்கள். இன்னரை (உள்ளே ஓடும் கம்பியை) வெட்டப்போகும் இடத்தில் எண்ணெய் போகக் கழுவி, முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டு வெட்டினால் இழைகள் பிரியாது. நிப்பிளைக் கோத்த பிறகு, வெளியே நீட்டியிருக்கும் முனையின் இழைகளைப் பூவைப் போல விரித்து, நிப்பிளின் குழிவான பக்கத்துக்குள் அந்த விரிவு அமரும்படி பின்னுக்கு இழுங்கள். பிறகு ஃபிளக்ஸில் தோய்த்து, உருகிய ஈயத்தில் நிப்பிளை முக்கி எடுங்கள். சூடு அதிகமானால் இழைகளின் விறைப்பு போய்விடும்; ஈயம் நீரைப் போல உள்ளே ஓடியதும் எடுத்துவிட வேண்டும். ஆறிய பின் நிப்பிளின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் பிசிறுகளை அரத்தால் எடுத்து, லீவரின் துளைக்குள் அது தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் நிப்பிள் துளைக்குள் சற்றுத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வளைவு முழுவதையும் கேபிளின் கழுத்து தாங்கும், அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கிளட்ச் கேபிள் அடிக்கடி அறுகிறது என்று புலம்புபவர்களின் வண்டியில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஒரு துளி கிரீஸ் போதும்.

பொருத்தும் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டுங்கள், எதையும் இறுக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்து, தோளிலிருந்து கை நேராக நீளும் கோட்டில் விரல்கள் விழும்படி லீவர்களின் சரிவை அமையுங்கள். நின்றபடி அமைத்தால் ஓட்டும்போது மணிக்கட்டு வலிக்கும். பிறகு ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பி, லீவரோ விரலோ டேங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே மூடிகளை இறுக்க வேண்டும். முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளி சமமாக வரும்படி நான்கு போல்ட்களையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மூடி டூமோடு முழுவதும் ஒட்டிய பிறகும் பார் அசைந்தால், மூடியின் அடிப்பக்கத்தைத் தேய்க்கலாம், டூமை ஒருபோதும் தேய்க்கக் கூடாது. 22.1 என்றால் உங்களுக்கு அந்தத் தேவை வராது.

ஆக்ஸிலரேட்டர் கேபிளை ஃபோர்க்குக்கும் சேஸிஸுக்கும் இடையில் நசுங்காதபடி, வளைவு அகலமாக இருக்கும்படி கொண்டுபோய், காற்று வடிகட்டியைக் கழற்றி, ட்விஸ்ட் கிரிப்பை முழுவதும் திருகும்போது கார்ப்பரேட்டரின் ஸ்லைடு துளையை விட்டு முழுவதும் மேலே போகிறதா என்று பாருங்கள். பழைய அமல் கார்ப்பரேட்டருக்கும் பிற்கால மிகார்ப் கார்ப்பரேட்டருக்கும் கேபிள் வேறு. உங்களிடம் எது இருக்கிறதோ அதைச் சொல்லி வாங்க வேண்டும். கடைசியாக எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஹேண்டிலை இடம், வலம் என இரு கோடிகளுக்கும் திருப்புங்கள். சத்தம் சிறிதளவு மாறினாலும் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். கேபிள் போகும் பாதையை மாற்ற வேண்டும், அல்லது தளர்வை இன்னும் 2 மி.மீ. கூட்ட வேண்டும்.


பதில்: பேட்டைப்பக்கம்

டிகம்ப்ரஷன் லீவர் பேச்சிலேயே விடுபட்டுவிட்டது. அதை இடப்பக்கம், கிளட்ச் லீவரைப் பிடித்த விரல்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், பெருவிரலோ சுட்டுவிரலோ எட்டும்படி வையுங்கள். அந்தக் கேபிளில் தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். இறுக்கமாக விட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுவதும் மூடாது. வண்டியில் இழுவை குறையும், நாளடைவில் வால்வின் விளிம்பு கருகும், நீங்கள் கார்ப்பரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பொருத்தி முடித்ததும் சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தள்ளி, லீவரை விட்டுவிட்டு உதையுங்கள். லீவரைப் பிடிக்கும்போது கிக்கர் சட்டென்று இலகுவாகி, விட்டதும் மீண்டும் அழுத்தம் தெரிந்தால் கேபிளின் நீளம் சரி.